கண் எரிந்தால் ஆபீஸைக் கேட்காதே

அன்புள்ள தம்பிக்கு,

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது, வண்டியை மொத்தமாக வாடகைக்கு விடும் சார்ட்டர் பஸ் கம்பெனியில் வேலையும் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்று நான் ஃபோனில் அதிகம் பேசவில்லை. அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை என்று நினைத்திருப்பாய். அப்படியெல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஆபீஸில் உட்கார்ந்து, எந்த டிரைவர் எப்போது எங்கே போக வேண்டும் என்ற டிரிப் ஷீட் எழுதியவள் நான். அந்தப் பக்கம் உட்கார்ந்து டிரைவர்களை அனுப்பியே பழகிவிட்டேன். ஒரு டிரைவருக்கு அம்மாவாக என்ன சொல்வது என்று யோசிக்கக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஒரு விளையாட்டுக் குழுவைப் போட்டிக்கு அழைத்துப் போய், அன்றைக்கே திரும்பக் கொண்டுவந்து விடும் டிரிப் அது. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். ஷீட்டில் "ஓட்டம் 8 மணி நேரம், நடுவில் ஓய்வு 6 மணி நேரம்" என்று எழுதினேன். பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது! நான் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். டிரைவர் எழுந்தது காலை 4 மணிக்கு. ஷெட்டிலிருந்து குழு ஏறும் இடம் வரை ஒரு மணி நேரக் காலி ஓட்டம். இரவு அவர்களை இறக்கிவிட்ட பிறகு ஷெட்டுக்கு இன்னொரு மணி நேரம். நடுவில் இருந்த அந்த ஆறு மணி நேர "ஓய்வு" மைதானத்துக்குப் பக்கத்தில் வெயிலில் நின்ற வண்டிக்குள். வண்டியை நகர்த்தச் சொல்லி இரண்டு தடவை வந்து தட்டினார்கள். ஆட்டக்காரர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக வந்து சாமான் டிக்கியைத் திறக்கச் சொன்னார்கள். ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டிய வண்டி, ஆட்டம் இழுத்து, பரிசளிப்பும் முடிந்து எட்டரைக்குத்தான் கிளம்பியது.

இரவு 11 மணிக்கு வழியில் நிறுத்தி அவர் எனக்கு ஃபோன் செய்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அனாவசியமாகப் பேசாத மனுஷர். "கண்ணு எரியுதும்மா" என்றார். அவ்வளவுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் ஒன்றரை மணி நேரம்தானே, மெதுவா வாங்க."

நாற்பது நிமிடம் கழித்து இடது பக்கச் சக்கரங்கள் ரோட்டை விட்டு ஜல்லியில் இறங்கின. அந்தச் சத்தத்தில் விழித்துக்கொண்டார். நல்ல வேளை, திருப்பிவிட்டார். மேலே வைத்திருந்த ஒரு பை விழுந்ததோடு போயிற்று. பின்னால் முப்பது பிள்ளைகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஒன்றிரண்டு பேர் தவிர யாருக்கும் தெரியக்கூட இல்லை. மறுநாள் அந்த ஷீட்டை நாலாக மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அப்போது அவர் விழித்து 19 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1997ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருடையதைப் போல மந்தமாகிவிடுகின்றன என்று கண்டார்கள். 24 மணி நேரம் ஆனால் 0.10 சதவீதத்துக்குச் சமம். குடித்துவிட்டேன் என்று ஒரு டிரைவர் ஃபோன் செய்திருந்தால் "மெதுவா வாங்க" என்றிருப்பேனா? தூக்கத்துக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. நாலு விநாடி கண் சொருகினால் நூறு மீட்டர் தூரம் வண்டியை யாருமே ஓட்டவில்லை என்று அர்த்தம். 45 கிலோமீட்டரில் போனாலும் ஐம்பது மீட்டர், ரோட்டை விட்டு இறங்க அது தாராளம்.

அதனால்தான் சொல்கிறேன். கண் எரிந்தால் ஆபீஸைக் கேட்காதே. நிறுத்திவிட்டு, நிறுத்திவிட்டேன் என்று சொல். "ஓட்டட்டுமா?" என்று கேட்டால், மேஜையில் இருப்பவருக்கு ஓட்டச் சொல்லத்தான் தோன்றும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நான் கெட்டவள் இல்லையே. அவர் கண்ணுக்குத் தெரிவது வண்டியை வாடகைக்கு எடுத்த பார்ட்டியும் அடுத்த டிரிப்பும் மட்டும்தான்.

சொல்லும் விதமும் முக்கியம். "டயர்டா இருக்கு" என்றால் ஆபீஸ் காதில் அது புலம்பலாகத்தான் விழும். இத்தனை மணிக்கு எழுந்தேன், இத்தனை மணியிலிருந்து டியூட்டி, இவ்வளவு நேரம் ஓட்டியாகிவிட்டது, இதற்கு மேல் எனக்கு மணி இல்லை, இந்த இடத்தில் பத்திரமாக நிறுத்தியிருக்கிறேன், மாற்று டிரைவர் அனுப்புங்கள் என்று கணக்காகச் சொல். மணியைச் சொன்னால் எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. முடிந்தால் அதையே மெசேஜாகவும் அனுப்பிவிடு.

மணிக் கணக்கு நாட்டுக்கு நாடு வேறு. இந்தியாவில் 1961ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வகுத்தது, 5 மணி நேரத்துக்குப் பிறகு அரை மணி இடைவேளை கட்டாயம் என்றது. ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்த வேண்டும். அமெரிக்காவில் பஸ் டிரைவர் 8 மணி நேரம் தொடர்ந்து டியூட்டியில் இல்லாமல் இருந்தால், அடுத்து 10 மணி நேரம் ஓட்டலாம். டியூட்டி தொடங்கி 15 மணி நேர வேலை ஆகிவிட்டால் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. அங்கேயே லாரி டிரைவருக்கு 10 மணி நேர ஓய்வு. சரக்கு ஏற்றுபவருக்குப் பத்து, ஜனங்களை ஏற்றுபவருக்கு எட்டு! இதை எந்த மகராசன் கணக்குப் போட்டானோ, எனக்கு இன்றுவரை புரியவில்லை. அந்த எட்டு மணி நேரமும் தூக்கம் இல்லை, கவனி. தங்குமிடத்துக்குப் போக, குளிக்க, சாப்பிட, காலையில் திரும்பி வண்டிக்கு வர என்று கழித்துக்கொண்டே போனால் தூங்க ஐந்து மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். சட்டப்படி சரி என்பதை வைத்து உடம்புக்கும் சரி என்று நினைத்துவிடாதே.

அப்புறம் ஷீட்டில் நேரத்தை மட்டும் பார்க்காமல், எந்த நேரம் என்றும் பார். விடியற்காலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பு தானாகவே அணைந்துபோகும் நேரம். பிற்பகல் 2 முதல் 4 வரை அதன் தம்பி. நேற்று இரவு முழுக்க ஓட்டியவனுக்கு நாளை மறுநாள் அதிகாலை டிரிப், அடுத்தது மறுபடி ராத்திரி என்று போட்டால், மணிக் கணக்கு சரியாக வந்தாலும் ஆள் சரியாக வரமாட்டான். நான் அப்படிப் பல ஷீட் போட்டிருக்கிறேன். டபுள் டிரைவர் என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பதும் ஆபீஸ் வழக்கம்தான். ஓடும் வண்டியில் சீட்டில் சாய்ந்து தூங்கியவர் பாதித் தூக்கம்தான் தூங்கியிருப்பார். மாற்று டிரைவரை முன்கூட்டியே பாதி வழியில் தங்கவைத்து, தூங்கி எழுந்தவரிடம் வண்டியைக் கொடுப்பதுதான் உருப்படியான ஏற்பாடு. செலவு அதிகம் என்பார்கள். ஆமாம், அதிகம்தான்.

லைன் பஸ் ஓட்டுகிறவருக்கு தினமும் அதே ரோடு, அதே ஸ்டாப். உனக்கு ஒவ்வொரு தடவையும் புது ரோடு, புது ஜனம், பக்கத்திலேயே ஒரு பார்ட்டித் தலைவர். "போற வழிதானே, இன்னொரு இடம் பார்த்துட்டுப் போயிடலாம்" என்று மிக அன்பாகக் கேட்பார். அந்த ஒரு மணி நேரம் உன் தூக்கத்திலிருந்துதான் வெட்டப்படும். நீயே மறுத்து மனஸ்தாபம் ஆக வேண்டாம். "ஷீட்டில் இல்லை சார், ஆபீஸ் எழுதிக் கொடுத்தால் போகலாம்" என்று சொல், ஆபீஸ் கெட்ட பெயர் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குத்தானே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஓட்டிய மணியையும் ஓய்வையும் குறிக்கும் லாக்கில் பொய் எழுதாதே. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று கேட்பவர் யாரும் விசாரணைக்கு உன்னோடு வந்து நிற்கமாட்டார்.

வண்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பயிற்சியில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் என் மேஜைக்கு வந்த புகார்களில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் சொல்கிறேன். காலையில் எஞ்சினை அணைத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, பிரேக்குக்கான காற்றழுத்த கேஜைப் பார்த்து ஒரு முழு நிமிடம் நில். காற்று 3 பவுண்டுக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. பிறகு பிரேக்கை மிதித்து மிதித்துக் காற்றை இறக்கு, 60 பவுண்டு வருவதற்குள் எச்சரிக்கை மணியோ விளக்கோ வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதைச் செய்யாமலே செய்ததாக டிக் போடுவார்கள், டிக் எல்லாம் ஒரே மையில் ஒரே சாய்வில் இருக்கும், பார்த்தாலே தெரிந்துவிடும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயர் கண்ணில் படாது. அதில் காற்று இல்லாவிட்டால் வெளி டயர் மொத்தப் பாரத்தையும் சுமந்து சூடாகும், பஸ் தீப்பிடிப்பதற்கு அதுவும் ஒரு வழி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகம் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், கிளம்பாதே.

மலை இறக்கத்துக்கு கியரைக் குறைப்பது இறக்கம் தொடங்குவதற்கு முன்னால். நடுவில் நினைவு வந்தால் கியர் விழாது. காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்கினால் டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். வேகம் எல்லையைத் தொட்டதும் அழுத்தமாக மிதித்துக் கொஞ்சம் குறைத்துவிட்டு, காலை முழுசாக எடுத்துவிடு. மழையில் ரிடார்டரை, அதாவது வேகத்தைக் குறைக்கும் துணைப் பிரேக்கை, அணைத்து வை, பின்சக்கரம் வழுக்கும். உன் வண்டியின் உயரத்தை எழுதி கண்ணுக்கு எதிரே ஒட்டிக்கொள். மாற்றுப்பாதையில் போகச் சொல்லும் ஃபோன் மேப், நீ காரில் போகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

கிளம்பும் முன் எமர்ஜென்சி கதவும் ஜன்னலும் எங்கே, எப்படித் திறப்பது என்று அரை நிமிடம் சொல்லிவிடு. கேலி செய்வார்கள், பரவாயில்லை. ஒவ்வொரு இடத்திலும் தலையை நீயே எண்ணு, "எல்லாரும் வந்தாச்சு" என்ற குரலை நம்பாதே. டிரிப் முடிந்ததும் கடைசி சீட் வரை நடந்து, குனிந்து பார். சீட்டுக்கு அடியில் தூங்கிய ஒரு குழந்தையோடு ஷெட்டுக்கு வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறப்பது, பாட்டு வைப்பது, முகம் கழுவுவது எல்லாம் பத்து நிமிட வேலை. பத்திரமான இடத்தில் நிறுத்திப் பதினைந்து, இருபது நிமிடம் தூங்கினால் கொஞ்ச தூரத்துக்குத் தாங்கும். காபி குடிப்பதானால் தூங்குவதற்கு முன் குடி, அது வேலை செய்ய அரை மணி ஆகும். எழுந்ததும் உடனே ஓட்டாதே, ஒரு சுற்று நட. இதெல்லாம் தங்குமிடம் வரை போய்ச் சேரத்தான். ராத்திரி முழுக்க ஓட்டுவதற்கு இல்லை.

அந்த டிரைவர் அதற்குப் பிறகும் என் ஷீட்டில்தான் ஆறு வருஷம் ஓட்டினார். நான் ஷீட் எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். முதல் வரியில் எழும் நேரம், கடைசி வரியில் ஷெட்டில் சாவி கொடுக்கும் நேரம், நடுவில் காத்திருப்பு எல்லாமே டியூட்டி. அப்படி எழுதியதில் சில பார்ட்டிகள் வேறு கம்பெனிக்குப் போனார்கள், முதலாளி என்னிடம் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

உன் முதல் டிரிப் ஷீட் கைக்கு வந்ததும் அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு. காலி ஓட்டத்தை எழுதியிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். டிரிப் முடிந்ததும் எனக்கு ஃபோன் செய்ய அவசரப்படாதே, தூங்கி எழுந்து செய்தால் போதும். ஓட்டும்போது என் நம்பர் வந்தாலும் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா