சீனக் கவிதை போடுற பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய சீனக் கவிதைய மொழிபெயர்த்துப் போடுற பதிப்பாளர்கள் எல்லாருக்கும் வணக்கம். மொழிபெயர்ப்புக்கு எதிர்ப்பக்கத்துல மூலத்தைப் போடுங்க, அத எப்படி வாயால சொல்றதுன்னும் போடுங்க, இதான் நான் கேக்குறது. எழுவது வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் இத கடிதம் கடிதமா எழுதிக் கேட்டாரு, கெடைக்கல.

பவுண்ட் பெரிய யோக்கியர்னு நான் சொல்ல வரல. போர் சமயத்துல ரோம் ரேடியோவுல முசோலினிக்காகப் பேசினவர், அதுல அவர் கக்கின யூத வெறுப்புக்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். அந்த தேசத்துரோக வழக்குல 1958 வரைக்கும் வாஷிங்டன்ல மனநல ஆஸ்பத்திரிக்குள்ள இருந்தாரு, அங்க இருந்துதான் ஷிஜிங்ங்கிற பழைய சீனப் பாட்டுத் தொகுப்போட 305 பாட்டையும் இங்கிலீஷ்ல முடிச்சாரு. அவருக்குக் கைகுடுத்தவர் அகிலிஸ் ஃபாங், 1947ல சீன அகராதி வேலைக்காக ஹார்வர்டுக்கு வந்த அறிஞர். சந்தேகத்துக்கெல்லாம் பதில் எழுதுறது, பதிப்பகத்துக்கும் பவுண்டுக்கும் நடுவுல அலைஞ்சு பேசுறது, ரெண்டுமே ஃபாங் தலைலதான். பவுண்ட் ஆசைப்பட்டது சீன எழுத்து, ஒலி, இங்கிலீஷ் மூணும் சேர்ந்த புஸ்தகம். 1954ல ஹார்வர்ட் பதிப்பகம் போட்டது ஃபாங்கோட முன்னுரையும் இங்கிலீஷும் மட்டும். அந்த மூணும் சேர்ந்த பதிப்பு வரவே இல்ல.

அதனால என்ன போச்சுங்கிறீங்களா, முதல் பாட்டையே பாருங்க.

குவான் குவான் ஜூ ஜியோ
ட்ஸாய் ஹ ஜி ஜோ
யாவ் தியாவ் ஷூ ந்யூ
ஜுன் ஸி ஹாவ் சியோ

இது இன்னைக்கு உச்சரிப்புதான், அந்தக் காலத்துல வேற மாதிரி இருந்திருக்கும், ஆனாலும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. அடிக்கு நாலே நாலு அசை, ஜியோ ஜோ சியோன்னு நம்ம இயைபு மாதிரி கடைசில வந்து விழுது. ஆத்துத் திட்டுல பறவை கத்துது, அந்தக் கத்தல்தான் குவான் குவான். பவுண்ட் அத 'ஹிட், ஹிட்'னு (Hid) ஆக்கிட்டாரு, அதாவது ஒளிஞ்சிருக்கு. அந்த எழுத்துக்குக் கதவைச் சாத்துறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு, அங்கேருந்துதான் போயிருப்பாருன்னு எனக்குத் தோணுது. எனக்கு அது பிடிக்கவும் செய்யுது. ஆனா பக்கத்துல மூலம் இல்லாம இங்கிலீஷ மட்டும் படிக்கிறவனுக்கு எது பறவை, எது பவுண்டுன்னு எப்படித் தெரியும்?

நான் இத ஒரு பதிப்பகத்துல கேட்டப்போ "யாருங்க சீனம் படிக்கப் போறா, பேப்பர் விலை தெரியுமா"ன்னாங்க. படிக்கத் தெரியணும்னே இல்லைங்க, மேல இருக்கிற நாலு வரிய நீங்க இப்ப சொல்லிப் பார்த்தீங்கல்ல, அவ்வளவுதான் வேணும். பவுண்ட் காலத்துல ஆயிரக்கணக்கான ஈய எழுத்த வெச்சு அச்சுக் கோக்கணும், அது நெஜமாவே பெரிய பாடு. இப்ப ஒரு ஃபான்ட் போதும்.

இன்னொண்ணு, ஃபாங் மாதிரி கூட உக்காந்து சொல்லுக்குச் சொல் அர்த்தம் சொல்லிக் குடுத்தவங்க பேரை நன்றிப் பக்கத்துல பத்தோட பதினொண்ணா தள்ளாதீங்க, மொழிபெயர்ப்பாளர் பேருக்குப் பக்கத்துலயே போடுங்க. எல்லாப் பாட்டுக்கும் மூலம் போட முடியலன்னா பத்துப் பாட்டுக்காவது போடுங்க, டைப் அடிக்க ஆள் இல்லன்னா சொல்லுங்க, ராத்திரி உக்காந்து நானே அடிச்சு ப்ரூஃபும் பார்த்துத் தரேன்.