நாற்பது என்பது பகல் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பற்றிய பயணக் கட்டுரையில், சாலையில் திரியும் மட்டக்குதிரைகளைக் காட்டுக்குதிரைகள் என்று எழுதியிருந்தீர்கள். அவை அப்படியல்ல. ஒவ்வொன்றுக்கும் மேய்ச்சல் உரிமை பெற்ற சொந்தக்காரர் உண்டு. வால்மயிரை வெட்டியிருக்கும் விதத்தைப் பார்த்தே எந்த அஜிஸ்டரின், அதாவது மந்தைக் கண்காணிப்பாளரின், பகுதியைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். ஏ31 போன்ற பெருஞ்சாலைக்கு வேலி உண்டு. மற்றச் சாலைகள் மேய்ச்சல் நிலத்தின் ஊடாகவே போகின்றன. அவற்றுக்கும் வேலி போட்டால் மேய்ச்சலே துண்டுதுண்டாகிவிடும்.

அந்த வேலியில்லாச் சாலைகளில் உச்சவரம்பு மணிக்கு 40 மைல் (64 கி.மீ.). பலர் அதையே ஓட்டவேண்டிய வேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். சிக்கல் இங்கேதான். 40 மைலில் வண்டி நிற்க 36 மீட்டர் வேண்டும்: சுதாரிக்க 12, பிரேக் பிடித்து நிற்க 24. சாலை நனைந்திருந்தால் பிரேக் தூரம் இரட்டிப்பாகி மொத்தம் 60 மீட்டர். டிம் விளக்கில் தெரிவதோ சுமார் 40 மீட்டர்தான். அதிலும் முதலில் தெரிவது நான்கு கால்கள். கருஞ்சிவப்பு உடம்பு ஒளிக்கு மேலே இருட்டில் கிடக்கும். பக்கவாட்டில் நின்றால் கண்ணும் மின்னாது. மோதினால் கால்கள் தட்டப்பட்டு, உடம்பு முன்கண்ணாடி மேல் வந்து விழும்.

ஒளிரும் கழுத்துப்பட்டை போட்டுவிட்டால் போதும் என்பது பாதி உண்மை. எல்லாக் குதிரைக்கும் அது இல்லை. கிளையில் சிக்கிக் கழுத்து இறுகாமலிருக்க, இழுத்தால் அறுந்துபோகும்படிதான் செய்கிறார்கள். ஆகவே உதிர்ந்துகொண்டே இருக்கும். நம் விளக்கொளி நேராகப் பட்டால்தான் மின்னும்.

எனவே இரவில் 30 மைலுக்குக் கீழேயே ஓட்டுங்கள். எதிர்வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசும்போது இன்னும் குறையுங்கள். அந்தக் கூச்சத்துக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று தெரியாது. ஒரு குதிரை கடந்துவிட்டால் உடனே வேகமெடுக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் நிற்கும் குட்டி தாயைப் பார்த்து ஓடிவரும். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைத்ததும், வேலை விட்டு வீடு திரும்பும் நேரம் இருட்டுக்குள் போய்விடுகிறது. அப்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். மோதுகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள் அல்லர், தினமும் அதே வழியில் போய்வருகிற உள்ளூர்க்காரர்கள்.

கட்டுரையோடு வந்த, காரிலிருந்து கேரட் கொடுக்கும் படத்தைத் தவிர்த்திருக்கலாம். தீனி கிடைத்த இடத்துக்குக் குதிரை திரும்பத் திரும்ப வரும். அந்த இடம் சாலையோரம். 2023 ஜூலை முதல் தீனி போடுவதற்கும் தொட்டுக் கொஞ்சுவதற்கும் அங்கே தடை. மீறினால் 100 பவுண்டு அபராதம்.

மோதிவிட்டால் வண்டியை நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். குதிரை, கழுதை, மாடு, பன்றி எல்லாவற்றுக்கும் சட்டம் இதுதான்; அதிகபட்ச அவகாசம் 24 மணி நேரம், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். காயம்பட்டதன் அருகே போகாதீர்கள், உதைக்கும். அது எழுந்து ஓடிவிட்டாலும் மோதிய இடத்தைத் துல்லியமாகக் குறித்துச் சொல்லுங்கள். கால் முறிந்தும் புதருக்குள் போய் நிற்கும். அஜிஸ்டர் அங்கிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சவுத்தாம்ப்டன்