அரிசி 20 கிலோ, பருப்பு 1 கிலோ: உணவு வழங்கல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் உணவு வழங்கல் துறை அமைச்சர் அவர்களுக்கும், செயலர் அவர்களுக்கும், அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் அரிசி அட்டைதாரர் எழுதுகிறேன். எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி, 2 கிலோ சர்க்கரை, 1 கிலோ துவரம் பருப்பு, 1 லிட்டர் பாமாயில் என்பது தாங்கள் அறிந்ததே. போன மாதம் கடையில் பருப்பு இல்லை. "ஸ்டாக் வரல, அடுத்த வாரம் பாருங்க" என்றார் விற்பனையாளர். அடுத்த வாரமும் வரவில்லை, மாதமே முடிந்துவிட்டது. அரிசியும் சர்க்கரையும் மட்டும் குறையில்லாமல் கிடைத்தன. விற்பனையாளர்மேல் எனக்கு வருத்தமில்லை. வந்ததைத்தானே அவர் கொடுக்க முடியும்? எது வர வேண்டும் என்று முடிவு செய்கிறவர்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிசியில் ஒரு பகுதியை விட்டுத்தர முன்வரும் குடும்பங்களுக்கு, அதற்கு ஈடாகப் பருப்பும் கேழ்வரகும் கொடுங்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சர்க்கரை நோய் வந்து பல வருடங்கள் ஆகின்றன. வேலையில் காலில் பட்ட காயம் ஆறாமல் புரையோடி, சென்ற ஆண்டு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அதோடு வேலையும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். சோறு ஒரு கப், காய் இரண்டு கப், வேளைக்கு ஒரு கிண்ணம் பருப்போ சுண்டலோ, முடிந்தால் ஒரு முட்டை. தாளில் எழுதியிருப்பதில் ஒரு குறையும் இல்லை. அக்கா அதை என்னிடம் காட்டிக் கேட்டார்: "வீட்ல அஞ்சு பேரு. ரேஷன் பருப்பு பத்து நாளுக்குக்கூட வராது. அப்புறம் நான் எதத் திங்கறது?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பை வெளியில் வாங்கப் போனால் ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகிறது. ஆகவே காலையில் ரேஷன் அரிசி இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவுக்கு மிச்சச் சோறு. தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாதபோது வயிறு நிறையச் சோறுதான் கூடுதலாக விழுகிறது. சாப்பிட்ட இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை 300-ஐத் தாண்டி நிற்கிறது. அவருக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாதந்தோறும் வீட்டுக்கே மாத்திரை வருகிறது. 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு எங்கள் தெருவே நன்றி சொல்லும். ஆனால் ஒரே அரசின் ஒரு துறை சர்க்கரையை இறக்கும் மாத்திரையோடு வாசற்படி ஏறி வருகிறது. இன்னொரு துறை அதை ஏற்றும் மூட்டையைக் கொடுத்து அனுப்புகிறது. இரண்டு துறையினரும் ஒரு முறையாவது இதைப் பற்றி உட்கார்ந்து பேசியதுண்டா?

ஐசிஎம்ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. அதே ஆய்வின் உணவு பற்றிய பகுதி 2025-இல் வெளியானது. நாம் உண்ணும் கலோரியில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதிலும் பெரும்பங்கு தீட்டிய அரிசி, தீட்டிய கோதுமை, சர்க்கரை என்கிறது அது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டியோ தானியத்திலிருந்து வரும் கலோரி 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. இருபதுக்கு ஒன்று என்று அரிசியும் பருப்பும் வாங்கும் வீட்டில் அந்தக் கணக்கு எப்படி வரும்?

கேழ்வரகு கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல் அரிசியின் இடத்தில் சிறுதானியத்தை வைப்பது மட்டும் போதாது, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வர வேண்டும் என்பதுதான் அந்த 2025 ஆய்வு சொல்வது. அதனால்தான் பருப்பை முதலில் கேட்கிறேன். முன்பு ரேஷனில் உளுந்தம் பருப்பும் கொடுத்தீர்கள். அதையும் நிறுத்திவிட்டீர்கள்.

தீட்டிய அரிசியின் கேடு புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 1918-இல் நம் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். தவிட்டோடு பி1 வைட்டமினையும் சீவி எறிந்த அரிசியை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய நோய் அது. அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. புழுங்கல் அரிசியில் பி1 ஓரளவு தங்குகிறது. அதைக் கொடுக்கிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் தவிட்டோடு போன நார்ச்சத்து போனதுதான். அது இல்லாத சோறு வேகமாகச் செரித்துச் சர்க்கரையாக ரத்தத்தில் ஏறுகிறது. பிறகு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் பி12-ம் சேர்த்த செறிவூட்டிய அரிசியைக் கலந்து தரத் தொடங்கினீர்கள். எங்கள் ஊரில் அதைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கி எறிகிறவர்கள் உண்டு. அவர்களிடம் நானே விளக்கிச் சொல்லியிருக்கிறேன். ரத்தசோகைக்கு அது உதவலாம். சர்க்கரை நோய்க்கு அதில் ஒன்றும் இல்லை.

சர்க்கரை அட்டை என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அரிசி வேண்டாம் என்பவருக்கு அதற்குப் பதில் கூடுதல் சர்க்கரை! அரிசிக்கு மாற்றாக ஒன்றைத் தர முடியும் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டு, ஏட்டிலும் கணினியிலும் இடம் ஒதுக்கி, பல ஆண்டுகளாக நடத்திவருகிறீர்கள். அந்த இடத்தில் பருப்பு என்று எழுத எது தடுக்கிறது?

ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது எல்லாமே தீட்டியதாக, சலித்ததாக, வெள்ளையாக இருக்கிறது. டீக்கடையில் பன், இரவு பரோட்டா, பிள்ளை கையில் ஐந்து ரூபாய் பிஸ்கட், எல்லாம் மைதா. "வாழ்க்கை முறையை மாற்றுங்கள்" என்று டிவியில் வரும் டாக்டர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எதைக்கொண்டு மாற்றுவது? வெள்ளையாக இல்லாத எதை வாங்கவும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பணம் வேண்டியிருக்கிறது. அந்த அக்காவிடம் போய் வாழ்க்கை முறை என்று சொல்லிப் பாருங்கள்.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். 2011 முதல் விலையில்லாமல் வரும் அரிசி எத்தனை வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது என்பதை நான் நன்றாக அறிவேன். யாருடைய அரிசியையும் நிறுத்தச் சொல்லவில்லை; 20 கிலோவும் வேண்டும் என்பவர் வாங்கிக்கொள்ளட்டும். 5 கிலோவை விட்டுத்தருகிறவருக்கு அதன் மதிப்புக்கு எவ்வளவு பருப்பும் கேழ்வரகும் வருமோ அவ்வளவு கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே சிறுதானியத்துக்கு இடம் இருக்கிறது. 2023 மே மாதம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினீர்கள். எங்கள் கடைக்கு அது இன்னும் வரவில்லை.

ஒரே நாளில் மாநிலம் முழுவதும் முடியாது என்றால், மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல் அரசிடமே இருக்கிறது. அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் வீட்டு அட்டைகளிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்பு, எங்கள் கடையில் வராமல் போன ஒரு கிலோ பருப்பையும் இந்த மாதப் பருப்போடு சேர்த்துத் தரச் செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓர் அரிசி அட்டைதாரர்,
விழுப்புரம் மாவட்டம்