உன் பெண் கல்யாணத்து மஞ்சப்பை

பெசன்ட் நகர், சென்னை.

அன்புள்ள சீனு,

முழங்கால் வலி தேவலையா? இங்கே என் முதுகு மூன்று நாளாகப் படுத்துகிறது. காரணம் வயசு இல்லை, குப்பை பொறுக்கியது.

சிரிக்காதே. ஞாயிறு காலை ஆறு மணிக்கு எங்கள் பிளாட் பிள்ளைகள் என்னையும் எலியட்ஸ் பீச்சுக்கு இழுத்துப் போனார்கள். ஆளுக்கு ஒரு கையுறை, ஒரு சாக்கு. காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு நாம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து உடைந்த பாலம் பக்கமாக நடந்தோம். மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அடையாறு அடித்துக்கொண்டு போனதையெல்லாம் கடல் திருப்பிக் கொண்டுவந்து மணலில் போட்டிருக்கிறது.

பாட்டில் அதிகம் இல்லை. காயலான் கடையில் எடைக்குப் போகும் என்பதால் விடிவதற்குள் யாராவது எடுத்துவிடுகிறார்கள். விலை போகாததுதான் கிடக்கிறது: ஷாம்பு சாஷே, சிப்ஸ் கவர், காது குடையும் குச்சி, எண்ண முடியாத அளவு சிகரெட் துண்டு. அதன் முனையில் இருப்பது பஞ்சு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதுவும் செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக்காம். ஜனவரி வந்தால் இதே மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வரும். 1988லிருந்து மாணவர்கள் ராத்திரி ராத்திரியாக நடந்து அந்த முட்டைகளைக் காப்பாற்றுகிறார்கள். நாற்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கும் நான் ஒரு நாள் குனிந்ததற்கே முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் கையில் ஒன்று சிக்கியது. ரப்பர் பாண்டு சுற்றிய சாம்பார் கவர், அடியில் கொஞ்சம் சாம்பாரோடு. முந்தின ராத்திரி நான் ஓட்டலில் வாங்கி வந்ததும் இதே மாதிரிதான். யாரிடமும் சொல்லவில்லை, சாக்கில் போட்டுவிட்டேன்.

மறுநாள் அம்மாவின் பழைய தூக்கை எடுத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போனேன். பார்சல் கட்டும் பையன் ரொம்ப மரியாதையாக வாங்கினான். ஏற்கெனவே கட்டி வைத்திருந்த நாலு கவரைக் கத்தரித்துத் தூக்கில் ஊற்றினான். கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, "சரியா சார்?" என்றான்! விசாரித்தால் ஏழு மணிக் கூட்டத்துக்காக ஆறரைக்கே எல்லாவற்றையும் கட்டி வைத்துவிடுவார்களாம். இப்போது ஆறு மணிக்கே போய் நிற்கிறேன். அண்டாவிலிருந்து நேராகத் தூக்குக்கு. சாம்பாரும் இரண்டு கரண்டி கூடவே விழுகிறது.

தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரியிலேயே வந்தாகிவிட்டது, பதினான்கு வகைப் பொருளுக்கு. கோயம்பேட்டில் பத்து ரூபாய் காசு போட்டால் மஞ்சப்பை தரும் மெஷின்கூட வைத்தார்கள். ஆனால் பூக்காரம்மாவிடம் கவர் வேண்டாம் என்றால், "முழம் வாங்கினா இலையில கட்டித் தர்றேன், உதிரின்னா என்ன பண்ணுவேன்?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். உதிரிப் பூவுக்கு ஒரு சம்புடம் கொண்டுபோகிறேன். பால் கவர் தடையில் வரவே இல்லை. அதன் முனையைத் தனியாக வெட்டி எடுக்காமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறச் சொல்லி வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்தத் துணுக்கு சாக்கடைக்குப் போனால் யார் பொறுக்குவது?

அப்புறம், உன் பெரியவள் கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்தாயே, அந்தப் பை இன்னும் ஓடுகிறது. மாப்பிள்ளை பெயர் அழிந்துவிட்டது, அவள் பெயர் மட்டும் தெரிகிறது. பிடியை இரண்டு தடவை தைத்தாயிற்று. சின்னவள் கல்யாணத்துக்குக் கொஞ்சம் கெட்டித் துணியாகப் பார்த்துப் போடு.

உன்,
ராஜு