காய்ச்சலும் பாய்ச்சலும் இங்கே செல்லாது

பலங்காராயா,
செப்டம்பர் 14

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. காட்டு முகாமிலிருந்து நேற்றுத்தான் ஊருக்குள் வந்தேன், அதனால்தான் தாமதம். அம்மாவின் முட்டி அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைகொண்டது. கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏற விடாதே. சின்னவள் விடுதியில் அழாமல் இருக்கிறாளா? நாம் இரண்டு பேரும் முதல் வாரம் முழுக்க அழுததை அவளிடம் சொல், கொஞ்சம் தைரியம் வரும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். வயலில் எந்நேரமும் தண்ணீர் கட்டி வைத்தால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வரும், காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள் என்று வேளாண்மை அலுவலர் சொல்கிறார். நானோ இந்தோனேசியாவின் கலிமந்தான் சதுப்பில் தண்ணீர் வடியவே கூடாது என்கிறேன். இரண்டில் எது சரி என்று கேட்டிருந்தாய். இரண்டுமே சரிதான். ஏன் என்பதை இந்த முறை முழுசாக எழுதிவிடுகிறேன். இங்கே வந்து இத்தனை வருடத்தில் இதை என்னிடம் நேராகக் கேட்ட ஆள் நீ ஒருத்திதான்.

முதலில் இந்த மண்ணைப் பற்றி. இதை மண் என்று சொல்வதற்கே எனக்குத் தயக்கம். கையில் அள்ளிப் பிழிந்தால் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வடியும். விரலிடுக்கில் வேரும் பட்டையும் மக்காத சுள்ளியும் மிஞ்சும். களிமண் இல்லை, மணல் இல்லை. விழுந்த மரமும் இலையும் தண்ணீருக்குள் மூழ்கி, ஆக்சிஜன் கிடைக்காததால் மக்க முடியாமல், ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போனதுதான் பீட். செபாங்காவ் ஆற்றுப் பக்கம் இதன் ஆழம் சில இடங்களில் 9 மீட்டரைத் தாண்டும். அடியில் கிடப்பதன் வயது ஏறத்தாழ 26,000 ஆண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் ஒரு காலத்தில் இப்படி ஒரு சதுப்பாகத்தான் இருந்திருக்கும். முதல் தடவை அந்த அடி மண் துளைகருவியில் ஏறி வந்தபோது, அதில் இலை நரம்பு தெரிகிறதா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த ஆழத்தில் ஆக்சிஜன் இல்லாமல் வாழ்கிற நுண்ணுயிர்கள்தான் என் வேலை. மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியா இல்லை, ஆர்க்கியா என்ற தனி வம்சம். நாம் படித்த பழைய பாடப்புத்தகத்தில் பாக்டீரியா என்றே போட்டிருந்தது நினைவிருக்கிறதா? 1977-லேயே கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இவை வேறு என்று காட்டிவிட்டார்கள். மாட்டின் வயிற்றிலும் சாண எரிவாயுக் கலத்திலும் உன் வயல் சேற்றிலும் இருப்பது இதே கூட்டம்தான். உன் அப்பாயி ஏரிக்கரையில் பார்த்ததாகச் சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசுக்கும் இவற்றைத்தான் காரணம் காட்டுவார்கள்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள். முதல் பந்தியில் உட்காருகிறவை, மரநார்களை உடைத்துச் சர்க்கரையாக்கும் உயிர்கள். அடுத்தவை அந்தச் சர்க்கரையைப் புளிக்கவைத்து அசிட்டிக் அமிலம், ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு என்று விட்டுவிட்டுப் போகும். மீத்தேன் ஆர்க்கியாவுக்குக் கடைசிப் பந்தி. அசிட்டிக் அமிலத்தைப் பிளந்தோ, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்தோ மீத்தேனாக்கி, அதில் கிடைக்கிற சொற்ப ஆற்றலில் பிழைக்கும். மண்ணில் நைட்ரேட்டோ இரும்போ சல்ஃபேட்டோ இருந்தால், அவற்றைப் பயன்படுத்தும் வேறு உயிர்கள் முந்திக்கொண்டு அந்த ஹைட்ரஜனையும் தின்றுவிடும். இந்தப் பீட் மேடோ மழைநீரை மட்டுமே நம்பி இருப்பது. அந்தப் போட்டியாளர்களுக்கு வேண்டிய உப்புகள் இங்கே மிகக் குறைவு.

அப்படியானால் மீத்தேன் கொட்ட வேண்டுமே என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன். ஆனால் முதல் பந்தியிலேயே இலை காலியாக இருக்கிறது. இங்கே கிடக்கும் உணவு பெரும்பாலும் மரக்கட்டை. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும், மக்குவதைத் தடுக்கும் பீனால் சேர்மங்களும் நிறைந்தது, அமிலத்தன்மையும் அதிகம். பிஹெச் 3-லிருந்து 4 வரைதான். பீனால்களை உடைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும், தண்ணீருக்கடியில் அது கிடையாது. ஆகவே நுண்ணுயிர்கள் கிட்டத்தட்டப் பட்டினி. தென்கிழக்கு ஆசியப் பீட் காடுகளின் தரையிலிருந்து அளந்த மீத்தேன், நெல்வயலோடு ஒப்பிட்டால் குறைவாகவே இருக்கிறது. உன் வயலில் எருவும் தாளும் புதிதாக விழுகின்றன, வேரிலிருந்து இனிப்பு கசிகிறது, வெயில் சூடு வேறு. அங்கே அவற்றுக்கு விருந்து.

உருவான மீத்தேனும் முழுசாக வெளியே வருவதில்லை. நீர்மட்டத்துக்கு மேலே, காற்று புகும் மெல்லிய அடுக்கில், மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன. நீர்மட்டம் தரையிலிருந்து ஒரு சாண் இறங்கினாலே பெரும்பகுதியை அவை பிடித்துவிடும்.

ஆனால் இந்தக் காவலைத் தாண்ட ஒரு வழி இருக்கிறது, மரம். செபாங்காவ் காட்டில் ஆய்வாளர் சுனிதா பங்கலாவும் அவருடன் வேலை செய்தவர்களும் அடிமரத்தைச் சுற்றி வாயு பிடிக்கும் பெட்டி கட்டி அளந்து 2013-ல் வெளியிட்டார்கள்: காட்டிலிருந்து வெளியேறும் மீத்தேனில் 62 முதல் 87 சதவீதம் மரத்தண்டு வழியாகவே போகிறது. அதற்கு முன்பு எல்லோரும் தரையில் மட்டும் பெட்டி வைத்து அளந்துகொண்டிருந்தோம். வேர் உறிஞ்சி, பட்டையிலுள்ள நுண்துளை வழியாக, தரைக்குச் சற்று மேலேயே விட்டுவிடுகிறது. நெல்லும் இதையேதான் செய்கிறது, செல்வி. வயல் மீத்தேனில் பெரும்பங்கு பயிரின் தண்டுக்குள் இருக்கும் காற்றுக்குழல் வழியாகத்தான் வருகிறது. நடவின்போது காலடியில் வெடிக்கும் குமிழி கொஞ்சம்தான்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். உன் வயலைக் காயப்போட்டால் ஆக்சிஜன் உள்ளே போகும், மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம். மறுபடி பாய்ச்சினால் மண் அப்படியே இருக்கும். பீட்டைக் காயப்போட்டாலும் மீத்தேன் குறையத்தான் செய்யும். ஆனால் அங்கே மண்ணே கரிமம், அதாவது கார்பன்தானே? அதுவரை மூச்சடங்கிக் கிடந்த மற்ற நுண்ணுயிர்களுக்கு ஆக்சிஜன் கிடைத்ததும், ஆயிரக்கணக்கான ஆண்டுச் சேமிப்பை கார்பன் டை ஆக்சைடாக்கித் தள்ளத் தொடங்கிவிடும். தண்ணீரை வடித்த பீட்டில் எண்ணெய்ப்பனை நட்டால், ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 40 டன் கார்பன் டை ஆக்சைடு என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி போட்ட கணக்கு. தரையும் இறங்கும்: முதல் ஐந்து ஆண்டில் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, பிறகு வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் போல. தோட்டங்களில் வேர் வெளியே தெரிய, பனைகள் ஒருக்களித்துச் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

மீத்தேன் கெட்டது என்று நான் மறுக்கவில்லை. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல 28 மடங்கு சூடாக்கும். ஆனால் அது காற்றில் பத்து வருடம் போலத் தங்கிவிட்டுச் சிதைந்துவிடும். பீட்டிலிருந்து போன கரிமம் திரும்பிவர இன்னும் பல ஆயிரம் ஆண்டு காடு மூழ்கிக் கிடக்க வேண்டும். போதாததற்கு, தண்ணீரை வடிக்க வெட்டிய கால்வாய்களில் தேங்கும் தண்ணீரிலிருந்தும் மீத்தேன் வருகிறது. ஆகவே "சதுப்பை நனைத்தால் மீத்தேன் வருமே" என்று சொல்லிக் கால்வாயைத் திறந்துவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இங்கே நடந்ததும் அதுதான். 1995-ல் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவின் அரசு பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்பை நெல்வயலாக்கக் கிளம்பியது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வெட்டினார்கள். ஜாவாவிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். இந்த ஆற்றங்கரை தயாக் பழங்குடி மக்கள் ஆழமான பீட்டை விட்டுவிட்டுக் கரையோர மண்ணில்தான் காலங்காலமாக நெல் போட்டார்கள். அந்த அனுபவத்தை யாரும் மதிக்கவில்லை. அமில மண்ணில் நெல் விளையவில்லை. 1997-ல் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த பீட் பற்றிக்கொண்டது. அந்த ஒரு வருடம் இந்தோனேசியாவின் பீட்டும் காடும் எரிந்து வெளியேறிய கரிமம் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2015-ல் மறுபடியும். சுமத்ராவிலும் இங்கும் எரிந்த புகை மலேசியா வரை போய், கிள்ளானில் என் அக்கா பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள். நெல் நட வேண்டும் என்று கிளம்பித்தானே இவ்வளவும் நடந்தது? டெல்டாவில் பிறந்த எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனத்துப்போகிறது.

இப்போது கால்வாய்க்குக் குறுக்கே பலகைத் தடுப்பு கட்டி நீரை நிறுத்துகிறார்கள். நீர்மட்டம் தரையிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது அரசு விதி. நேற்று முன்தினம் தடுப்புக்கு மேல்பக்கம், நீர்மட்டம் அளக்க மண்ணில் இறக்கிய குழாய்களில் பார்த்தபோது அந்த அளவுக்குள் இருந்தது. தடுப்பு உடைந்த இடத்தில் அளவுகோல் தண்ணீரைத் தொடாமல் கீழே போய்க்கொண்டே இருந்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. புகை வாடை வருகிறதா என்று காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

இந்த முறை என் வேலையிலும் ஒரு இழப்பு. வாயு பிடித்துவைத்த கண்ணாடிக் குப்பிகளில் ஒரு பெட்டியின் ரப்பர் மூடிகள் கசிந்துவிட்டன. ஆறு நாள் உழைப்பு. முகாமில் உட்கார்ந்து அழுதேன். உடன் வந்த தயாக் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் சோறும் சுட்ட மீனும் கொண்டுவந்து வைத்தார். மறுநாள் மறுபடி ஆரம்பித்தோம்.

கார்த்திகையில் லீவு போட்டிருக்கிறேன். அப்போது உன் சம்பா வயலில் தண்ணீர் நிற்கும் இல்லையா? அந்தச் சமயம் ஒரு வரப்புக்கு இந்தப்பக்கம் வழக்கம்போலத் தண்ணீர் கட்டி, அந்தப்பக்கம் மட்டும் காயப்போட்டு வை. பெட்டியும் சிரிஞ்சும் நான் கொண்டுவருகிறேன், இரண்டு பக்கமும் அளந்து பார்ப்போம். விடிகாலை ஆறு மணிக்கு ஒருமுறை, உச்சிவெயிலில் ஒருமுறை. நீயும் சேற்றில் இறங்கித்தான் ஆக வேண்டும். அம்மாவிடம் எனக்கு வத்தக்குழம்பு வேண்டும் என்று இப்போதே சொல்லிவை.

அன்புடன்,
வசந்தி