பேரு தெரியாத டீச்சர்

கண்ணு, போன ஞாயித்துக்கெழமை வீடியோ கால்ல பாப்பாவ நான் சத்தம் போட்டதுல இருந்து மனசே சரியில்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். அவ டீச்சரோட பேர மொட்டையா சொல்லி "அவ இன்னிக்கு வரல அம்மிச்சி, காய்ச்சல்"னதும் எனக்கு சுருக்குனு ஆயிப்போச்சு. 31 வருசம் டீச்சரா இருந்தவளுக்கு அது தாங்கல. இங்க ஸ்வீடன்ல எல்லாப் புள்ளைங்களும் இப்படித்தாம்மான்னு நீ சொன்னதையும் நான் காதுல வாங்கல.

அப்புறம் மாப்பிள்ளை அனுப்புனதெல்லாம் படிச்சேன். அங்கயும் முன்னாடி பட்டத்த சொல்லித்தான் பேசுவாங்களாமே, டாக்டர்கிட்டயே "டாக்டர் காபி சாப்பிடறாரா"ன்னு கேப்பாங்களாம், வாத்தியார மகிஸ்டர்னும் டீச்சரம்மாவ ஃப்ரோக்கன்னும் கூப்பிடுவாங்களாம். 1967ல மருத்துவ இலாகாவுக்குத் தலைவரா வந்த ப்ரூர் ரெக்செட், நான் எல்லாத்தையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன் நீங்களும் என்னைய ப்ரூர்னே கூப்பிடுங்கன்னு ஆபீஸ்ல சொன்னத இன்னும் பேசறாங்களாம். அவரு ஒருத்தரால மாறல, அதுக்கு முன்னாடியே ஜனங்க மாற ஆரம்பிச்சிருந்தாங்க. இப்ப ராஜா வீட்டுக்காரங்கள விட்டா மந்திரிக்கும் "டூ"தான், அதாவது நம்ம "நீ", பஸ் ஓட்டறவருக்கும் "டூ"தான்.

அதப் படிச்சதும்தான் எனக்கு வெளங்குச்சு. என்னைய சுட்டது பேரு இல்ல கண்ணு, அந்த "அவ"தான். நம்ம கோபி பக்கம் "சரிங்க" "இல்லீங்க"ன்னு ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு "ங்க" ஒட்டிக்கும், அது இல்லாம பெரியவங்ககிட்ட வாயத் தொறக்க மாட்டோம். பேர மட்டும் சொல்லி தப்பிக்க முடியாது, அடுத்தாப்புல வந்தாளா வந்தாங்களான்னு ஏதாச்சும் ஒண்ணு சொல்லியே ஆகணும். பாப்பாவுக்கு ஸ்வீடிஷ்ல அம்மாவானாலும் டீச்சரானாலும் கூடப் படிக்கிற புள்ளையானாலும் "ஹூன்"ங்கற ஒரே வார்த்தைதான, அவளுக்கும் அவங்களுக்கும் அது ஒண்ணுதான், அத அப்படியே தமிழ்ல "அவ"ன்னு சொல்லிட்டா. அதுல அவ மரியாதை எங்க கொறைஞ்சுது?

இங்கிலாந்துல மிஸ்டர்னு சொல்லி குடும்பப்பேர சேத்துக்குவாங்க, அங்க சொந்தப்பேரு தனியா இருக்குது. நமக்கு குடும்பப்பேருன்னு ஒண்ணு கெடையாது, இனிசியலும் பேரும்தான், நம்ம புள்ளைங்களும் பேரோட ஒரு டீச்சரோ சாரோ சேத்து சொல்றவங்கதான். ஆனா நெறைய பேரு அதுவும் சொல்றதில்ல, என்னையவே "கணக்கு டீச்சர்"னு சொல்லியே எத்தனையோ செட்டு படிச்சு வெளிய போயிருச்சு.

உங்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒண்ண சொல்றேன். அஞ்சாங்கிளாஸ்ல எங்களுக்கு ஒரு டீச்சர் இருந்தாங்க, எங்கப்பா என்னைய படிச்சது போதும்னு நிறுத்தப் பாத்தப்ப வீட்டுத் திண்ணைல வந்து உக்காந்துக்கிட்டு, இவள அனுப்புறேன்னு சொல்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்னுட்டாங்க. எனக்கு வேல கெடச்ச வருசம் அவங்களப் பாக்கணும்னு ஒரு சேலை எடுத்துக்கிட்டு போனேன். அவங்க மாத்தலாகிப் போயி வருசக்கணக்காச்சாம். எந்த ஊருன்னு விசாரிக்கலாம்னா பேரென்னன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல. "டீச்சர்"னு மட்டுமே கூப்பிட்டுப் பழகுனவளுக்கு பேரு எப்படித் தெரியும், ஒரு நாளு கேட்டிருப்பனா? அந்த சேலைய ரொம்ப நாள் யாருக்கும் குடுக்கல.

அதனால பாப்பா அங்க பேர் சொல்லியே கூப்பிடட்டும். பெரியவளானாலும் அவளுக்கு அந்தப் பேரு மறக்காது, தேடிப் போகணும்னா போகலாம். தமிழ்ல பேசறப்ப மட்டும் டீச்சர் "வந்தாங்க" "சொன்னாங்க"ன்னு பழக்கிவுடு, அத நான் விட்டுக் குடுக்க மாட்டேன், லீவுக்கு இங்க வந்தா அந்த "ங்க" இல்லாம அவ பேசறது நம்ம சனங்களுக்குப் புரியாது.

ஞாயித்துக்கெழமை அம்மிச்சி மன்னிப்பு கேக்குதுன்னு அவகிட்ட இப்பவே சொல்லி வை. அந்த டீச்சருக்கு காய்ச்சல் விட்டுருச்சான்னும் கேட்டு சொல்லு.

அம்மா