அண்ணே, இரவுச் சாப்பாட்டைக் கடைக்குக் கொண்டுபோங்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். "மூணு மாசமா ராத்திரி சோத்தைத் தொடல, சப்பாத்திதான். ஒரு கிலோகூட இறங்கல. படுத்தா தூக்கமும் வரல, என்னதான் பண்றது?" என்று கேட்டிருந்தீர்கள். நின்ற வாக்கில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் கடிதம்.

உங்கள் ஒரு நாளை அப்படியே வரிசையாக எழுதிப் பார்ப்போம். காலை 7.30க்கு எழுந்ததும் காபி. பசி இல்லை என்று டிபனைத் தள்ளிவிட்டு புதுச்சேரி நேரு வீதியில் உள்ள உங்கள் துணிக்கடைக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். 11 மணிக்கு இரண்டு வடை, ஒரு டீ. மதியம் 1.30க்குக் கடையைச் சாத்தி, பேங்க், கொள்முதல் என்று சுற்றிவிட்டு வீட்டில் இலை முன் உட்காரும்போது 3.15. பசி தாங்காமல் தட்டு நிறையச் சோறு. உடனே படுக்கை, 4.30 வரை. மாலை 6.30க்கு மறுபடி டீ, பஜ்ஜி. 9.30க்கு ஷட்டர் இறக்கி, கணக்கு முடித்து, லாஸ்பேட்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து குளித்து உட்கார 10.45. நாலு சப்பாத்தி, குருமா. சில நாள் வழியில் வாங்கிய பரோட்டா, சால்னா. 12 மணிக்குப் படுக்கை, தூக்கம் பிடிக்க 1 மணி.

சோறா சப்பாத்தியா என்பது இங்கே பிரச்சினையே இல்லை. நாளின் பெரிய சாப்பாடு இரண்டும் படுக்கைக்கு முன்னால் போய் நிற்கின்றன. அதுதான் கோளாறு.

உடம்புக்குள் கடிகாரம் இருக்கிறது என்று சொல்வது வெறும் பேச்சு இல்லை. அது எந்த மரபணுக்களால் ஓடுகிறது என்று பழ ஈக்களில் கண்டுபிடித்த மூவருக்கு 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மூளையில் தலைமைக் கடிகாரம் ஒன்று. வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். கல்லீரலிலும் கணையத்திலும் கொழுப்புத் திசுவிலும் சின்னச் சின்னக் கடிகாரங்கள். அவை பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்து ஓடும். இருட்டியதும் மூளை "கடையைச் சாத்து" என்கிறது. 10.45க்குச் சப்பாத்தி உள்ளே போனதும் கல்லீரல் "சரக்கு வந்திருக்கிறது, திற" என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக ஓடுகின்றன.

வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு ஏறத்தாழ 2 மணி நேரம் முன்பே மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் ரத்தத்தில் ஏறத் தொடங்கிவிடும். கணையம் இன்சுலின் சுரப்பதை அது மட்டுப்படுத்தும். அந்த நேரம் பார்த்து மாவுச்சத்து உள்ளே போனால் சர்க்கரை கூடுதலாக ஏறி, இறங்க நேரம் எடுக்கும். ஸ்பெயினில் 845 பேரிடம் இதைச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். ஒரே ஆளுக்கு ஒரு நாள் படுக்கைக்கு 4 மணி நேரம் முன்பும், இன்னொரு நாள் 1 மணி நேரம் முன்பும் குளுக்கோஸ் கரைசல் கொடுத்தார்கள். தாமதமாகக் குடித்த நாளில் இன்சுலின் குறைவு, சர்க்கரை கூடுதல்.

அதே 2022இல் பாஸ்டனில் நடந்த ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. எடை கூடிய 16 பேருக்கு அதே உணவு, அதே அளவு, நேரம் மட்டும் ஏறக்குறைய 4 மணி நேரம் தள்ளி. தள்ளிச் சாப்பிட்டபோது பசி கூடியது. "போதும்" என்று சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைந்தது. உடம்பு எரிக்கும் கலோரியும் குறைந்தது. கொழுப்புத் திசுவை எடுத்துப் பார்த்ததில், கொழுப்பைச் சேர்த்துவைக்கும் பக்கமாக மரபணுக்களின் வேலை சாய்ந்திருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் ஆட்களை உள்ளேயே வைத்து, ஒவ்வொரு கவளத்தையும் அளந்து கொடுத்துச் செய்தது. அதனால் அதற்கு மதிப்பு கொடுக்கிறேன்.

இனி தூக்கம். எண்ணெய், கொழுப்பு உள்ள கெட்டிச் சாப்பாடு இரைப்பையை விட்டு இறங்க 4 மணி நேரம்வரை ஆகும். வயிறு நிறைந்திருக்கப் படுத்தால் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறும். நெஞ்செரிச்சல் தெரியாவிட்டாலும் காலையில் வாய்ப்புளிப்பு, தொண்டைக் கரகரப்பு, நடுராத்திரி இருமல் என்று அது காட்டிக்கொடுக்கும். தூக்கம் துண்டு துண்டாகும். தூக்கம் குறைந்தால் மறுநாள் வாய் சும்மா இருக்காது. சிகாகோவில் இரவில் 6.5 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கும் 80 பேரை எடுத்து, பாதிப்பேரைச் சுமார் 1.2 மணி நேரம் கூடுதலாகத் தூங்க வைத்தார்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் தாமாகவே தினமும் சராசரி 270 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். நம் ஊர்க் கணக்கில் கடைப் பரோட்டா ஒன்று.

எடையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நேரத்தை மாற்றினால் மட்டும் கொழுப்பு கரைந்துவிடாது. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். கலோரியைக் குறைத்தவர்களில் ஒரு பாதி காலை 8 முதல் மாலை 4க்குள் மட்டும் சாப்பிட்டது, மறுபாதி எப்போது வேண்டுமானாலும் சாப்பிட்டது. எடைக் குறைவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் பெரிய சாப்பாட்டைக் காலையில் வைத்தாலும் மாலையில் வைத்தாலும் எடை ஒரே மாதிரிதான் குறைந்தது. காலையில் நிறையச் சாப்பிட்டபோது பசி மட்டும் தெளிவாகக் குறைந்தது. நான் புரிந்துகொண்ட வரையில், நேரம் ஒழுங்கானால் பசியும் தூக்கமும் ஒழுங்காகும், அளவைக் குறைப்பது போராட்டமாக இருக்காது. உங்களைப் போல மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவருக்கு அது சின்ன உதவி இல்லை.

இதை இவ்வளவு வலியுறுத்த இன்னொரு காரணம், நம் ஊர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க எடுத்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. இந்தியாவில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3. உடல் பருமன் நாட்டில் 28.6, புதுச்சேரியில் 53.3, எல்லா மாநிலங்களையும்விட அதிகம்.

சரி, செய்ய வேண்டியது. இரவுச் சாப்பாடு 10.45க்கு வீட்டில் வேண்டாம், 7.15க்குக் கடையிலேயே. 11.15க்குப் படுத்தால் இடையில் 4 மணி நேரம் கிடைத்துவிடும்.

"அதுதானே வியாபார நேரம்" என்பீர்கள். கடைப்பையன்களையும் சேர்த்து முறை போடுங்கள்: ஒருவர் 6.45, நீங்கள் 7.15, இன்னொருவர் 7.40. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். அவர்களும் ராத்திரி 10 மணிக்கு மேல்தானே சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. கல்லாவில் நின்றபடி விழுங்க வேண்டாம். பின்னால் ஸ்டாக் ரூமில் ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.

கேரியரில் என்ன வைப்பது என்பதில்தான் பலரும் இரண்டாம் நாளே கைவிடுகிறார்கள். தோசை மூன்று மணி நேரத்தில் தோலாகிவிடும். தேங்காய்ச் சட்னி இந்தக் கடலோரப் புழுக்கத்தில் சாயங்காலத்துக்குள் நூல் விடும். இட்லிதான் தாங்கும். வீட்டில் மாவு எப்படியும் இருக்கும், மதியம் கடைக்குத் திரும்பும் முன் நீங்களே ஒரு ஈடு வையுங்கள், 12 நிமிஷம், அண்ணியை எழுப்ப வேண்டாம். வெந்ததும் சூட்டோடு கேரியரில் போட்டு மூடாதீர்கள். ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராய் இறங்கி இட்லியின் அடிப்பக்கம் சொதசொதவென்று ஆகும், புளிப்பும் ஏறும். தட்டில் ஆறவிட்டு, மிளகாய்ப்பொடியை ஒன்றரை ஸ்பூன் நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி அடுக்குங்கள். இரவு 8 மணிக்குக்கூட மெத்தென்று இருக்கும். இட்லி 4 போதும். சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்கச் சின்ன ஃபிளாஸ்கில் தனியாக ஊற்றுங்கள். பருப்பு தூக்கலாக இருக்கட்டும். கூடவே அவித்த முட்டை 2, உரிக்காமல். முட்டை வேண்டாத நாளில் ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல். இந்த முட்டையையும் சுண்டலையும் விட்டுவிட்டு வெறும் இட்லி சாப்பிட்டால் 9.30க்கே பசித்துவிடும், வழியில் பரோட்டாக் கல் சத்தம் கேட்கும். சோறு இல்லாமல் முடியாது என்றால் தயிர்சாதம்: குழைந்த சோற்றில் காய்ச்சி ஆறிய பால் ஒரு டம்ளர், தயிர் ஒரே ஸ்பூன். தயிரை அள்ளி ஊற்றினால் 7 மணிக்குப் புளித்துப் போயிருக்கும்.

முதல் வாரம் 10.45க்குப் பசிக்கும். நிஜப் பசி போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் பழகிய நேரத்துக்குச் சற்று முன் தானாக ஏறும், பழகிய நேரத்துக்குப் பால்காரர் மணி அடிப்பது போல. நேரம் மாறியது அதற்குத் தெரிய ஓரிரு வாரம் ஆகும். அதுவரை நீர்மோர் ஒரு டம்ளர், முடியாவிட்டால் சர்க்கரை போடாத பால் அரை டம்ளர். பிஸ்கெட் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது அந்த ஒரு வேளைதான், அதையும் பறிப்பதா என்று அண்ணி வருத்தப்படலாம். நியாயமான வருத்தம். ஆனால் உங்களுக்காகப் பிள்ளைகளும் 10.45 வரை காத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். அவர்கள் 8 மணிக்குச் சாப்பிட்டுவிடட்டும். சேர்ந்து உட்காரும் வேளையைக் காலை 8.15க்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் லேசான வயிற்றோடு படுத்தால் காலையில் பசி தானாக வந்து எழுப்பும். பொங்கலோ தோசையோ அப்போது நிறைவாகச் சாப்பிடலாம். 11 மணி வடை அதுவாகவே உதிர்ந்துவிடும்.

மதியம் முதலில் சாப்பாடு, பிறகு பேங்க். 2 மணிக்கு உட்காருங்கள். ஸ்பெயினில் எடை குறைக்க முயன்ற 420 பேரில், மதியச் சாப்பாட்டை 3 மணிக்குப் பிறகு சாப்பிட்டவர்களுக்கு எடை குறைவாகத்தான் இறங்கியது. தட்டில் பாதி காய், கீரை. கால் பங்கு மீனோ பருப்போ. மீதிக் கால் பங்கு சோறு.

மதியத் தூக்கம் நம் ஊருக்கே உரியது, விடச் சொல்ல மாட்டேன். சாய்வு நாற்காலியில், அலாரம் வைத்து, 20 நிமிஷம், 3 மணிக்குள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். இரவில் தூக்கத்தை இழுத்து வருவது அதுதான். கல்லாவில் சேர்ந்ததை மதியமே எடுத்துச் செலவழித்தால் ராத்திரிக்கு மிச்சம் இருக்காது. காபியும் டீயும் அந்த அடினோசினை வேலை செய்யவிடாமல் தடுக்கும். குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கடைசி டீ 4.30க்கு, கடை திறக்கும்போது. 6.30 டீயை நிறுத்துங்கள், பஜ்ஜி அதோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை 10 மணிக்கு எழுந்து, 4 மணிக்குப் பிரியாணி, இரவு நண்பர்களோடு இரண்டு பெக் என்று போனால் திங்கட்கிழமை உடம்பு வேறு நேரத்தில் இருக்கும். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். எழும் நேரம் வழக்கத்தைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இது மட்டும் கண்டிப்பு: நீங்கள் இரவில் போடும் சர்க்கரை மாத்திரை, இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு வகையா என்று அட்டையைப் பாருங்கள். அதுவோ இன்சுலினோ என்றால், நேரத்தை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். சாப்பாட்டை 7.15க்கு மாற்றிவிட்டு மாத்திரையைப் பழைய நேரத்தில் போட்டால் நடு இரவில் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம். அண்ணியிடமும் ஒன்று கேளுங்கள்: தூக்கத்தில் குறட்டை நின்று, மூச்சும் நின்று, திடுக்கென்று இழுத்து விடுகிறீர்களா? ஆம் என்றால் அது சாப்பாட்டு நேரத்தால் சரியாகாது, தூக்கப் பரிசோதனை வேண்டும்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். புதன், சனி காலை, கழிப்பறை போய் வந்து, காபிக்கு முன். ஒரு ராத்திரி பரோட்டா சால்னாவின் உப்பே மறுநாள் உடம்பில் தண்ணீரைப் பிடித்துவைத்து எடையைக் கூட்டிக் காட்டும். அதைப் பார்த்து மனசு விடக்கூடாது. வாரம் கால் கிலோ இறங்கினால் நல்ல வேகம். மாதம் ஒருமுறை இடுப்பைச் சுற்றி டேப் வைத்துப் பாருங்கள், கடையில்தான் டேப் இருக்கிறதே. ஆணுக்கு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். வருகிற திங்கள் முதல் இரண்டு வாரம் 7.15 சாப்பாடு மட்டும். மதியமும் டீயும் அதற்குப் பிறகு. மூன்றடுக்குக் கேரியர் ஒன்று வீட்டுப் பரணில் இருக்கும், இறக்கி வெயிலில் காயவைக்கச் சொல்லுங்கள். ரப்பர் வளையம் இற்றுப்போயிருந்தால் மாற்றிவிடுங்கள், சாம்பார் துணியில் சிந்தக்கூடாது.

அன்புடன்,
உங்கள் தம்பி